வெள்ளத்தின் செலவும் ஏழாம் கற்பனையும்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது நம் சென்னைப் பட்டணத்துக் குடும்பங்களில் இரண்டு எண்ணங்கள் ஒருங்கே எழுகின்றன. மழை பெய்ய வேண்டுமே என்பது ஒன்று. அதிகமாய்ப் பெய்துவிடுமோ என்பது மற்றொன்று. 2019-ம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றபோது, மழைக்காகச் சர்வேசுரனை மன்றாடினோம். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அதே மழை ஓயவேண்டுமென்று மன்றாடினோம். இரண்டு மன்றாட்டும் நியாயமானவையே.

மழை ஓய்கிறது, வெள்ளம் வடிகிறது, சேறு காய்கிறது. பிறகு மிஞ்சி நிற்பது செலவு. நனைந்த மெத்தையையும், பழுதான தையல் இயந்திரத்தையும், இழந்த கூலியையும், வைத்தியச் செலவையும் யாரோ ஒருவர் தாங்கித்தான் தீரவேண்டும். யார் தாங்குகிறார்? யார் தாங்கக் கடமைப்பட்டவர்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றானால் நாம் பேச வேண்டியது ஒன்றுமில்லை. விடைகள் வேறுபடுகின்றன என்பதே சிந்திக்க வேண்டிய காரியம். பலர் இதைப் பொறியாளருக்கும் அரசாங்கத்தாருக்கும் உரிய கேள்வி என்று தள்ளிவிடுகிறார்கள். ஞானோபதேச வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, களவை விலக்குகிற ஏழாம் கற்பனை, அதைச் சேர்ந்த கேள்வி இது என்பதை இன்று எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

நட்டத்தை அளக்கும் படி

2015-ம் ஆண்டு நவம்பர் மாதம் முழுவதிலும் சென்னையில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நிலமும் ஏரிகளும் நிரம்பித் ததும்பி நின்ற வேளையில், டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 490 மில்லிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரோடு, மேற்கே உடைந்தும் வழிந்தும் வந்த எண்ணற்ற ஏரிகளின் தண்ணீரும் அடையாற்றில் சேர்ந்தது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் நள்ளிரவில் வீடுகள் முழுகின. விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 1878-ல் தொடங்கிய ஆங்கில நாளேடான 'தி ஹிந்து' டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. அந்தப் பருவத்தில் தமிழகத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இந்த நாசத்தின் விலையைச் 'சுவிஸ் ரே' என்னும் பெரிய காப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டு, குறைந்தது 220 கோடி அமெரிக்க டாலர் என்று சொன்னது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கே காப்பீடு இருந்தது. ஆலைகள், வாகனங்கள், கிடங்குகள் ஆகியவற்றுக்கு உரியவர்கள் அந்தப் பங்கில் ஓரளவு மீட்டுக்கொண்டார்கள். மற்றதை அவரவர் கையிலிருந்து கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. பொருளின் விலையைக் கூட்டுவதால், பொருள் அதிகம் உள்ளவனுடைய நட்டம் பெரிதாகவும், பொருள் குறைந்தவனுடைய நட்டம் சிறிதாகவும் தெரிகிறது. முழுகிய மோட்டார் காரின் விலை பத்து லட்சம் என்று ஏட்டில் ஏறுகிறது. ஆற்றோரத்துக் குடிசையில் ஒரு தாயின் தையல் இயந்திரம் சில ஆயிரம் என்று ஏறுகிறது, அல்லது ஏறாமலே போகிறது. காருக்குடையவர் மறு வருஷம் வேறு கார் வாங்கினார். இயந்திரத்துக்குடையவள் அதை இழந்த நாளிலிருந்து கூலி இழந்தாள். கூலி இழந்ததால் கடன் வாங்கினாள். கடனுக்கு வட்டி கட்டினாள். வெள்ளம் இரண்டு வாரத்தில் வடிந்தது; வட்டி இரண்டு வருஷம் வடியவில்லை. சேற்றில் கரைந்த குடும்ப அட்டைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழுக்கும் அலைந்த நாட்கள் எத்தனை! எலிக்காய்ச்சலில் படுத்த தகப்பனுக்காக அடகு வைத்த நகை எத்தனை! இவை எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை.

தேவாலயத்தில் காணிக்கைப் பெட்டியின் அருகே உட்கார்ந்திருந்த நம் ஆண்டவர் எப்படிக் கணக்கிட்டார் என்று நினைத்துப் பாருங்கள். ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு செப்புக்காசுகளை, செல்வர் போட்ட எல்லாவற்றையும்விட அதிகம் என்றார். அவர்கள் தங்கள் மிகுதியிலிருந்து போட்டார்கள். அவளோ தன் பிழைப்பு முழுவதையும் போட்டாள். கொடுத்ததை அளந்த அதே படியால் இழந்ததையும் அளப்பது தானே முறை? அப்படி அளந்தால், வெள்ளத்தின் மிகப் பெரிய செலவைக் கட்டியவர்கள் அடையாற்றங்கரையிலும் முடிச்சூரிலும் இருந்தார்கள் என்பது தெரியவரும்.

தேவ தண்டனையா?

வெள்ளம் வந்த காலத்தில் இரண்டு விதப் பேச்சுக் கேட்கிறோம். சிலர், இது பட்டணத்தின் பாவத்துக்குச் சர்வேசுரன் இட்ட தண்டனை என்கிறார்கள். வேறு சிலர், இது இயற்கை, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். ஒன்று பக்தியின் பேச்சுப் போலவும், மற்றது கல்வியின் பேச்சுப் போலவும் தோன்றுகிறது. ஆனால் பலன் ஒன்றே: இரண்டிலும் மனிதன் தப்பித்துக்கொள்கிறான்.

முதலாவது பேச்சுக்கு நம் ஆண்டவரே மறுமொழி சொல்லியிருக்கிறார். சீலோவே கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைக் குறித்து, அவர்கள் யெருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று கேட்டு, இல்லை என்று தீர்த்துச் சொன்னார் (லூக்காஸ் 13). சைதாப்பேட்டையில் முழுகியவன் மேட்டுத் தெருவில் முழுகாதவனைவிடப் பாவி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மேலும், நோவேயின் காலத்துக்குப் பிறகு சர்வேசுரன் மானிடரோடு உடன்படிக்கை செய்து, வானவில்லை அதற்கு அடையாளமாக வைத்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. நல்லவன்மேலும் தீயவன்மேலும் ஒன்றுபோல மழை பெய்விக்கிறவர் பரமபிதா என்று மத்தேயு சுவிசேஷம் கூறுகிறது. மழை அவருடைய கொடை. பட்டணத்துக்குள் அது எங்கே தேங்கும் என்பது பெரும்பாலும் நம்முடைய ஏற்பாடு.

இரண்டாவது பேச்சில் பாதி உண்மை உண்டு. 2015-ல் பெய்த மழை மிக அபூர்வமானது. எல்லா ஏரிகளும் எல்லாக் கால்வாய்களும் ஒழுங்காய் இருந்திருந்தாலும் ஓரளவு வெள்ளம் வந்தே இருக்கும். 1943-லும் 1985-லும் 2005-லும் கூட இந்தப் பட்டணம் முழுகியதுண்டு. அந்த அளவுக்கு யாரும் யாருக்கும் கடனாளி அல்ல. அங்கே வேண்டியது பொறுமையும் பிறர்சிநேகமும். ஆனால் மற்றப் பாதி இருக்கிறதே, அதை மழையின் தலையில் கட்டுவது அநியாயம்.

தண்ணீரின் இடம்

தொண்டை நாட்டில் நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. மேலேரி நிரம்பினால் அதன் கலிங்கல் வழியாய் மிகுநீர் கால்வாயில் இறங்கிக் கீழேரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. கடைசியில் ஆற்றுக்கோ சதுப்புக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். இவற்றில் ஒன்றைத் தூர்த்தால் அந்த ஏரி மட்டும் போவதில்லை. அதில் தங்க வேண்டிய தண்ணீர் கீழே இருக்கிறவன் வீட்டில் போய்த் தங்குகிறது.

மாம்பலத்தருகே கிடந்த நீள ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டு, அங்கே தியாகராய நகர் எழுந்தது. இன்றும் மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணோம், 'லேக் வியூ' சாலை மட்டும் இருக்கிறது. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, அது தன் பழைய படுக்கையைத் தேடி வந்ததென்றே சொல்லவேண்டும். வேளச்சேரி ஏரி சுருங்கிக் குட்டைபோல ஆனது. தென்பகுதியில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் வழியாய்ப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாய்க் கோவளத்துக் கழிமுகத்தை அடைய வேண்டும். அந்தச் சதுப்பு அறுபது ஆண்டுகளுக்கு முன் 5000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்தது. குப்பைமேடும் சாலைகளும் மாடிக்கட்டடங்களும் அதைத் தின்றுவிட்டன. 2022-ல் சர்வதேசப் பாதுகாப்புப் பெற்ற ராம்சார் இடமாக அறிவிக்கப்பட்டது 1,248 ஹெக்டேர்தான்.

ஏரியைக் காக்க 2007-ல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றியிருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வெள்ளம் வந்தது. அதை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில், அது மனிதரால் உண்டான பேரிடர் என்று குறித்தார். இது மேடைப் பேச்சாளர் சொன்னதன்று, அரசியல் சாசனப்படி அமைந்த அதிகாரி சொன்னது. தனிப்பட்ட எந்த மனிதரையும் குற்றவாளி என்று தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் மனிதரால் உண்டான நட்டத்துக்கு மனிதர் பொறுப்பாளிகள் என்பதைச் சொல்வது குருவின் வேலையே.

குழி வெட்டியவன் சட்டம்

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் ஒரு சிறு சட்டம் இருக்கிறது. ஒருவன் குழி வெட்டி, அல்லது மூடியிருந்த குழியைத் திறந்து, அதை மூடாமல் விட்டு, அதில் பிறனுடைய மாடாவது கழுதையாவது விழுந்து செத்தால், குழிக்குடையவன் மாட்டின் விலையைக் கொடுக்க வேண்டும் என்று மோயீசன் கட்டளையிட்டார். மாடு ஏன் அந்தப் பக்கம் போயிற்று என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. குழி வெட்டியவன் மாட்டைக் கொல்ல எண்ணினானா என்றும் கேட்கவில்லை. தன் சௌகரியத்துக்காகச் செய்த காரியத்தால் பிறனுக்கு அபாயம் உண்டாகும் என்று அறிந்திருக்கவேண்டியவன் அதைத் தடுக்காமல் விட்டான்; ஆகையால் ஈடு செய்யவேண்டும். அவ்வளவே.

ஏரியைத் தூர்ப்பவன் செய்வது இதையே தலைகீழாய்ச் செய்வது. மோயீசன் காலத்தவன் மேட்டில் குழி வெட்டினான். நம் காலத்தவன் குழியை மேடாக்குகிறான். விழுந்து சாவது இரண்டிலும் அயலானுடைய மாடே. ஏரி உள்வாயை மனையாக்கி விற்றவனுக்கு வந்த இலாபம் எங்கிருந்து வந்தது? அந்தத் தண்ணீரை வேறிடத்தில் தேக்கிவைக்கும் செலவை அவன் கொடுத்திருந்தால் இலாபம் இராது. கொடுக்காததால் இலாபம் வந்தது. அந்தச் செலவைப் பத்து வருஷம் கழித்து, அவன் முகமே அறியாத ஒரு குடும்பம் டிசம்பர் மாதத்து நள்ளிரவில் கொடுத்தது. பிறனுடைய பொருளை அவன் சம்மதமின்றி எடுத்துக்கொள்வதைக் களவு என்கிறோம். விலையைத் தான் வாங்கிக்கொண்டு செலவைப் பிறன் வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்கு வேறு பெயர் ஏது? 2009-ல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசரும், 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசரும் தங்கள் நிருபங்களில் இதையே போதித்தார்கள்: பொதுவான இயற்கைச் செல்வத்தைச் செலவழிப்பவர்களே அதன் விலையை முழுமையாய்த் தாங்கவேண்டும், மற்ற மக்கள்மேலும் வரும் தலைமுறைமேலும் சுமத்தலாகாது.

களவுக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது என்பது திருச்சபையின் மாறாத போதகம். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், அநியாயமாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது இரட்சணியத்துக்கு அவசியம் என்று கற்பிக்கிறார். சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட நாளில் அழுது தீர்த்துவிடவில்லை. வஞ்சித்ததற்கு நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னான்.

சில ஆட்சேபங்கள்

"அரசாங்கமே பட்டா கொடுத்தது, வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது, பிறகு என்ன பாவம்?" என்பார்கள். அனுமதி கிடைத்ததால் நீதிமன்றத்தில் தப்பலாம். ஆனால் தண்ணீர் பட்டாவைப் படிப்பதில்லை. தான் செய்கிற காரியத்தால் அயலானுக்கு நட்டம் வரும் என்று அறிந்தவனுக்கு, அதிகாரியின் முத்திரை அந்த அறிவை மனச்சாட்சியிலிருந்து அழித்துவிடாது.

"ஏழைகளும் ஆற்றங்கரையை ஆக்கிரமித்தார்களே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுடைய பங்கு எவ்வளவு, அதற்கு அவர்கள் கட்டிய விலை எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் ஓரத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டுப் பட்டணத்துக்கு வெளியே தொலைவில் பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியேற்றப்பட்டன. வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆயிற்று. அந்தப் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலம். 2015-ல் அதுவும் முழுகிய இடமே. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தோம். அதே ஆண்டுகளில் நீர்நிலைகளின்மேல் எழுந்த பெரிய கட்டடங்களில் எத்தனை பெயர்க்கப்பட்டன?

"நிவாரணம் கொடுத்தாயிற்றே" என்பார்கள். 2015-ல் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும், தண்ணீர் புகுந்த மற்ற வீட்டாருக்கு 5,000 ரூபாயும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் அரசு கொடுத்தது. பசித்தவனுக்கு அது பேருதவி, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எல்லாரும் கட்டிய வரியிலிருந்து. அரிசிக்கும் சோப்புக்கும் வரி கொடுத்த அந்தத் தையல்காரத் தாயின் கையிலிருந்துங்கூட. பொதுப்பணம் கொடுத்ததால், நட்டம் உண்டாக்கினவனுடைய தனிக்கடன் தீர்ந்துவிடவில்லை.

2015-ல் நம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, கூலி கேளாமல் மக்களை மாடிகளிலிருந்து இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கி, அங்குள்ள மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. முதலாவது காரியம் பிறர்சிநேகம். இரண்டாவதற்குத் தேவையானது பிறர்சிநேகம் அன்று, நீதி. நீதிப்படி கொடுக்க வேண்டிய கடனைத் தர்மமாகக் கொடுத்துப் புகழ் தேடுகிறவன், பெறுகிறவனை இரண்டாந்தரம் வஞ்சிக்கிறான்.

யார் எவ்வளவு கடனாளி?

கடைசியாக, மிகவும் கனமான ஆட்சேபம்: "இதில் ஆயிரம் பேருக்குப் பங்கு இருக்கிறது. சிலர் செத்துப்போனார்கள், சிலர் விற்றுவிட்டுப் போனார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது?"

பலர் சேர்ந்து செய்த தீங்குக்கும் திருச்சபையின் ஒழுக்க சாஸ்திரத்தில் விளக்கம் உண்டு. அர்ச். தோமாஸ் ஒன்பது வகையாய்ப் பிறருடைய அநியாயத்தில் பங்கு கொள்ளலாம் என்கிறார்: ஏவுதல், ஆலோசனை சொல்லுதல், சம்மதித்தல், முகஸ்துதியால் தூண்டுதல், இடங்கொடுத்து ஆதரித்தல், கூடச் செய்தல், பேசாதிருத்தல், தடுக்காதிருத்தல், வெளிப்படுத்தாதிருத்தல். பின் மூன்றும் உத்தியோகத்தாலே அந்தக் கடமை உள்ளவர்களையே ஈடு செய்யக் கட்டுப்படுத்தும் என்றும் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருந்த அயலானும், பார்த்துத் தடுக்கச் சம்பளம் வாங்கின அதிகாரியும் ஒரே நிலையில் இல்லை.

அறியாமல் வாங்கினவர்கள் நிலை வேறு. ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொட்டி, வங்கிக் கடனும் பெற்று, ஏரியென்று அறியாமல் ஒரு வீடு வாங்கிய குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. இவர்கள் நல்லெண்ணத்தோடு உடைமை பெற்றவர்கள், குற்றவாளிகள் அல்லர். விற்றவன் இவர்களையும் வஞ்சித்தான். ஆனால் உண்மை தெரிந்த நாள் தொட்டு இவர்களுக்கும் ஒரு கடமை பிறக்கிறது. தன் மனையை மட்டும் மண்கொட்டி உயர்த்தித் தண்ணீரைப் பக்கத்துத் தாழ்ந்த வீட்டுக்குத் தள்ளலாகாது. வெள்ளக் கறையின்மேல் வெள்ளை பூசி, தண்ணீரே வராத இடம் என்று சொல்லி, மற்றொருவனுக்கு விற்கலாகாது. இடியும் நிலையில் உள்ள வீட்டை உறுதியான வீடு என்று விற்பதை அர்ச். தோமாஸ் உதாரணமாகவே எடுத்துக் கண்டிக்கிறார். மறைந்திருக்கும் குறை வாங்குகிறவனுக்கு நட்டமோ அபாயமோ உண்டாக்குமானால், விற்கிறவன் அதைச் சொல்லியே தீரவேண்டும். சொன்னால் விலை குறையும். வீட்டையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பெரும் அடி. இதை நான் இலேசாய்ச் சொல்லவில்லை. ஆனால் நமக்கு வந்த அடியை இன்னொருவன் தலைக்கு மாற்றிவிடுவதால் அது நீங்குவதில்லை, கைமாறுகிறது.

நட்டப்பட்டவர் யார் என்று தெரிந்தால் அவருக்கே கொடுக்கவேண்டும். தெரியாவிட்டால், நம்மிடம் தங்கிய அநியாய இலாபத்தை ஏழைகளுக்கும் பொதுநன்மைக்கும் கொடுக்கவேண்டும். வைத்துக்கொள்ளும் வழி மட்டும் ஒழுக்க சாஸ்திரத்தில் இல்லை.

நாங்கள் என்ன செய்யவேண்டும்?

வெள்ளம் பெரும்பாலும் ஆகமன காலத்தை ஒட்டி வருகிறது. அந்த ஞாயிறுகளில் ஸ்நாபக அருளப்பரின் குரலைச் சுவிசேஷத்தில் கேட்கிறோம். பள்ளங்கள் எல்லாம் நிரப்பப்படும் என்று அவர் சொன்னது நம் இருதயத்தின் பள்ளங்களைப் பற்றியது. நாமோ ஏரிகளை நிரப்பினோம்! ஜனங்கள் அவரிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, அவரவர் தொழிலுக்குத் தக்கபடி மறுமொழி சொன்னார். ஆயக்காரனுக்கு ஒன்று, போர்வீரனுக்கு ஒன்று. நானும் அந்த வழியில் சொல்லி முடிக்கிறேன்.

சர்வேயரே, கிராம நிர்வாக அலுவலரே, பொறியாளரே, உங்கள் ஒரு கையெழுத்து ஒரு தெருவை முழுக்கவும் காக்கவும் வல்லது. நீர்வழியை மனையென்று எழுதும் காகிதத்தில் கையெழுத்திடாதிருங்கள். அதனால் மாறுதல் உத்தரவு வரலாம். அதையும் அறிந்தே சொல்கிறேன்.

மனைத் தரகரே, கட்டட முதலாளியே, வாங்குகிறவன் கேளாவிட்டாலும், அந்த இடம் பழைய வரைபடத்தில் என்னவாய் இருந்தது என்பதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரே, வாசலில் வண்டி ஏற்றச் சரிவு கட்டும்போது மழைநீர் வடிகாலை அடைக்காதிருங்கள். அடைத்திருந்தால் இந்த வாரமே உடைத்துத் திறந்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவரின் கீழ்வீடு முழுகிய மாதத்துக்கு முழு வாடகை வாங்காதிருங்கள். வேலைக்காரப் பெண் வெள்ள நாட்களில் வரமுடியாமற்போனால் சம்பளத்தில் பிடிக்காதிருங்கள். உங்கள் வீட்டைக் கழுவ வந்து தன் வீட்டைக் கழுவாமல் விட்டவள் அவள்.

வியாபாரிகளே, 2015-ல் இந்தப் பட்டணத்தில் ஒரு பால் பொட்டலம் 100 ரூபாய்க்கு விற்றதை எல்லாரும் அறிவோம். முழங்கால் தண்ணீரில் நின்ற தாயிடம் அப்படி வாங்கிய பணத்துக்கும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. பாதிப்பே இல்லாமல் நிவாரணப் பணம் வாங்கினவர்களுக்கும் அப்படியே.

நம் ஆலயங்களும் பள்ளிகளும் மடங்களும் இந்தக் கேள்விக்கு விலக்கானவை அல்ல. கோவில் வளாகத்தைச் சிமெந்தால் மூடி மழைநீரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு நீதியைப் பிரசங்கித்தால் யார் கேட்பார்கள்? பங்குப் பேரவையார் மழைக்கு முன் வளாகத்தின் வடிகாலையும் மழைநீர்த் தொட்டியையும் பார்வையிட்டு, அதன்படி திருத்த வேண்டுகிறேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது ஏழாம் கற்பனையில் வந்து, நான் யாருடைய பணப்பையிலும் கைவைக்கவில்லை என்று பலர் சீக்கிரம் கடந்துபோகிறார்கள். இந்த மழைக்காலத்தில் அங்கே சற்று நின்று, எனக்கு வந்த எந்த சௌகரியத்தின் செலவை வேறொருவர் கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆண்டு சர்வேசுரன் நமக்கு ஏரி நிறைய மழை தருவாராக. அந்த மழை தங்க இடத்தையும், தாழ்ந்த தெருவில் இருப்பவர் அச்சமின்றி உறங்கும் இரவுகளையும் தருகிற நீதியை நம் மனத்தில் ஊன்றுவாராக. வெள்ளத்தில் மரித்த அனைவருடைய ஆத்துமங்களும் அவருடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறக்கடவன. ஆமென்.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு